வீசிங், அலர்ஜி, ராத்திரி தூக்கம்: டெய்லி பஃப் வெச்சா பழகிடுமா?

ஜூன் 11, 2025

ஒரு அம்மா கேட்டது, அப்படியே போடறேன்:

"பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஸ்கூல் திறந்ததுல இருந்து சளி விடவே இல்ல. ராத்திரி ரெண்டரை மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து இருமறா, அப்புறம் விடியற வரைக்கும் தூங்கறதில்ல. டாக்டர் டெய்லி ரெண்டு வேளை பஃப் (இன்ஹேலர்) எழுதிக் குடுத்திருக்கார். ஒருதடவை வாயில வெச்சா ஆயுசுக்கும் விடாதுன்னு மாமியார் வெக்கவே விடமாட்டேங்கறாங்க. டிவில ஹைதராபாத் மீன் மருந்து காட்டினாங்களாம், அங்க கூட்டிட்டுப் போலாம்கறாங்க. வீட்டுக்காரர் போன் பாத்துட்டே படுக்கறதாலதான் தூக்கம் கெடுதுங்கறார். நான் யார் பேச்சைக் கேக்கறது?"

ஜூன் 11, ராத்திரி

வீட்டுக்காரர் சொல்றதுல கொஞ்சம் நெஜம் இருக்கு. போன் பாத்தா தூக்கம் வர்றதுக்கு லேட் ஆகும். ஆனா போன் மூணு மணிக்கு எழுப்பி உக்கார வெச்சு இருமவும் வெக்குமா? நல்லா தூங்கிட்டு இருந்த குழந்தை விடியறதுக்கு முன்னாடி இருமிட்டே எந்திரிக்குதுன்னா முதல்ல நெஞ்சைத்தான் பாக்கணும். நம்ம எல்லாருக்குமே மூச்சுக்குழாய் விடியக்காலை நாலு மணி வாக்குலதான் ரொம்ப சுருங்கி இருக்கும், ஒடம்புல தானா சுரக்கற கார்ட்டிசாலும் (வீக்கத்தை அடக்கி வெக்கற ஹார்மோன்) நடுராத்திரி வாக்குல அடிமட்டத்துக்குப் போயிருக்கும். நமக்கு அது தெரியறதில்ல. ஆஸ்துமா இருக்கற குழந்தைக்கு அதுதான் வீசிங் நேரம். பகல்ல டாக்டர்கிட்ட போனா நெஞ்சு கிளியரா இருக்குன்னு சொல்லி அனுப்பறதும் இதனாலதான். அதனால ராத்திரி இருமறப்ப சட்டையத் தூக்கி நெஞ்சை போன்ல ஒரு நிமிசம் வீடியோ எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட வாயால சொல்றதை விட அது நல்லா பேசும்.

நான் டாக்டர் இல்லைங்க, மொதல்லயே சொல்லிடறேன். பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பாக்கறவன். பையனுக்கு ரெண்டு வயசுல ஆரம்பிச்சது, இப்ப ஒன்பது. நைட் ஷிப்ட் பழக்கத்துல எனக்கு மூணு மணிக்கு முழிப்பு இருக்கும்கறதால ராத்திரி டூட்டி வீட்லயும் எனக்குத்தான்.

பழகிடும்ங்கற விசயத்துக்கு வர்றேன். பஃப் ரெண்டு வகை. வீசிங் வந்தப்ப சுருங்கின குழாயை விரிக்கறது ஒண்ணு (சால்ப்யூட்டமால், லெவோசால்ப்யூட்டமால்). தினமும் எடுத்து உள்ள இருக்கற வீக்கத்தைக் குறைக்கறது இன்னொண்ணு (புடெசோனைடு, ஃப்ளூட்டிகாசோன்). உங்க டாக்டர் டெய்லி எழுதினது ரெண்டாவதா இருக்கும், அட்டைல பேரைப் படிச்சுப் பாருங்க. இது கண்ணாடி போடற மாதிரிதான், பழகிடும்னு யாரும் கண்ணாடியக் கழட்டி வெக்கறதில்ல. கட்டுக்குள்ள வந்து மூணு மாசம் போல நல்லா இருந்தா டாக்டரே டோஸைக் குறைப்பார்.

சிரப் குடுத்தா பழகாதாம், பஃப் குடுத்தா பழகிடுமாம். கணக்கைப் பாருங்க: சால்ப்யூட்டமால் ஒரு பஃப்ல 100 மைக்ரோகிராம். அதே மருந்து சிரப்ல 5 மில்லில 2 மில்லிகிராம், அதாவது 20 பஃப் அளவு. அது வயித்துக்குப் போயி ரத்தத்துல கலந்து ஒடம்பு பூரா சுத்தி கடைசில நெஞ்சுக்கு வருது. கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், பையன் பதினோரு மணிக்கு கட்டில் மேல குதிப்பான். குதிச்சான். அன்னைக்கும் போனைத்தான் திட்டினோம்.

ஜூன் 12

மீன் மருந்து பத்தி தனியா கேட்டிருந்தாங்க. வருசா வருசம் ஜூன் மாசம் மிருகசீரிஷ கார்த்தி அன்னைக்கு ஹைதராபாத் நாம்பள்ளி எக்சிபிஷன் மைதானத்துல பத்தினி குடும்பத்துக்காரங்க இலவசமா குடுக்கறது. சின்ன விரால் மீன் குஞ்சு வாயில மஞ்சளா ஒரு மருந்தை வெச்சு உயிரோட முழுங்க வெப்பாங்க, சைவக்காரங்களுக்கு வெல்லத்துல வெச்சுத் தருவாங்க. அந்த மஞ்சள்ல என்ன இருக்குன்னு வெளிய சொல்றதில்ல. நம்பிக்கைல போறவங்களை நான் கிண்டல் பண்ணல, எங்க சொந்தத்துலயே போய்ட்டு வந்தவங்க இருக்காங்க. ஆனா அவ்வளவு கூட்டத்துல, தூசில, மூச்சு முட்டற குழந்தை தொண்டைக்குள்ள துள்ளற மீனை இறக்கறது எனக்கு ஒத்து வராது. போயே ஆகணும்னு வீட்ல ஒத்தக்கால்ல நின்னாலும் பஃபை நிறுத்திட்டு மட்டும் போகாதீங்க.

மீனுக்கு வீசிங் வந்தா யாரை முழுங்கும்னு பையன் கேட்டான். பதில் தெரியல.

ஜூன் 15

பஃப் வெச்சும் ஒண்ணும் கேக்கலங்கறவங்க நெறைய. பாதி பேர் வீட்ல மருந்து நெஞ்சுக்குப் போறதே இல்ல. குழந்தைக்கு நேரா வாயில வெச்சு அடிச்சா நாக்குலயும் தொண்டைலயும் ஒட்டிக்கும், ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டற பிளாஸ்டிக் குடுவை) கட்டாயம் வேணும். நாலு வயசுக்குள்ள மாஸ்க் வெச்சது, அதுக்கு மேல வாயால கவ்வத் தெரிஞ்சா மவுத்பீஸ் வெச்சது.

நாங்க செய்யறது இப்படி. இன்ஹேலரை நல்லா குலுக்கு. மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடற மாதிரி இடைவெளி இல்லாம அழுத்து. ஒரே ஒரு பஃப். சாதாரணமா மூச்சு விடட்டும், ஆறு ஏழு மூச்சு. வால்வு ஆடுதான்னு பாரு, ஆடலைன்னா மூச்சு உள்ள போகல. ரெண்டாவது பஃப் வேணும்னா மறுபடி குலுக்கி மறுபடி முதல்ல இருந்து. ரெண்டு பஃபையும் சேத்து டப் டப்னு அடிச்சு விடறது நேரம் மிச்சம் பண்றதில்ல, மருந்தை ஸ்பேசர் சுவத்துல பூசறது. ஸ்டீராய்டு பஃப்னா (தினமும் எடுக்கற ரெண்டாவது வகை) முடிஞ்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், மாஸ்க் வெச்சா மூஞ்சியும் கழுவணும், இல்லைன்னா வாயில வெள்ளை வெள்ளையா படியும்.

அழுதுட்டே இருக்கறப்ப வெச்சா சரியாப் போகாது. தூங்கறப்ப வெச்சா ஈசின்னு சொல்வாங்க, எங்காளு மாஸ்க் பட்டதும் எந்திரிச்சு ரெண்டு மடங்கு கத்துவான். கரடி பொம்மைக்கு முதல்ல வெச்சுட்டு அப்புறம் அவனுக்கு வெக்கற டெக்னிக் எங்க அமுச்சி கண்டுபிடிச்சது. (அவனோட அமுச்சி, என் மாமியார். ஆரம்பத்துல பழகிடும்னு சொன்னதும் அவங்கதான்.)

இன்னொண்ணு. ஸ்பேசரை பாத்திரம் கழுவற லிக்விட் கலந்த தண்ணில முக்கி எடுத்து அப்படியே காய விடணும், துணியால துடைக்கக் கூடாது. துடைச்சா பிளாஸ்டிக்ல ஸ்டாட்டிக் ஏறி மருந்துத் துகள் உள்பக்கமே ஒட்டிக்கும். புதுசு வாங்கினதும் இதே மாதிரி ஒருதடவை கழுவிட்டுத்தான் உபயோகிக்கணும். எங்க மருந்துக்கடைல இதை யாரும் சொல்லல.

ஜூன் 15, சாயங்காலம்

மேல விட்டுப்போச்சு. மருந்து தீந்தது எப்படித் தெரியும்? கவுன்ட்டர் இருந்தா அதைப் பாருங்க. இல்லாதது குலுக்கினா சத்தம் வரும், அடிச்சா புகையும் வரும், ஆனா மருந்து இருக்காது, வெறும் கேஸ் வந்துட்டே இருக்கும். தண்ணில மிதக்க விட்டுப் பாக்கறதும் நம்பற வழி இல்ல. 200 பஃப் இன்ஹேலர், காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னா 50 நாள்தான். ஆரம்பிச்ச தேதிய மார்க்கர்ல டப்பா மேல எழுதிடுங்க.

ஜூன் 19

"ஸ்டீராய்டு வளர்த்தியக் குறைக்குமாமே?" – ஒரு அப்பா.

குறைக்கும், கொஞ்சம். அமெரிக்கால கேம்ப்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, அஞ்சுல இருந்து பதிமூணு வயசுப் பசங்களுக்கு புடெசோனைடு தினம் 400 மைக்ரோகிராம் நாலு வருசத்துக்கு மேல குடுத்து, அவங்க பெரியவங்க ஆனதும் ஒசரத்தை அளந்தாங்க, 2012ல ரிசல்ட் வந்தது. மருந்து எடுக்காதவங்களை விட சராசரி 1.2 சென்டிமீட்டர் குறைச்சல். அந்த 1.2க்காக ராத்திரி ராத்திரி மூச்சுக்குத் தவிக்க விடணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பஃபை மறைச்சு வெச்சுட்டு மாசா மாசம் வீசிங் வந்து ஆஸ்பத்திரில வாய் வழியா குடுக்கற ப்ரெட்னிசலோன் சிரப் மில்லிகிராம் கணக்குல உள்ள போகுதே, அதுவும் ஸ்டீராய்டுதான். அதை யாரும் கேக்கறதில்ல. எங்க பையன் கிளாஸ்ல நடு பெஞ்ச். எங்க குடும்பத்துல யாருமே கடைசி பெஞ்சுக்கு வளர்ந்ததில்ல, அது மருந்து மேல பழி இல்ல.

ஜூன் 28

வீடு. இது எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், நீளமாத்தான் போகும்.

முதல்ல கொசுவத்தி. மூடின ரூம்ல ஒரு சுருள் எரிஞ்சு முடிஞ்சா வர்ற நுண்துகள் 75ல இருந்து 137 சிகரெட் அளவுன்னு 2003ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. வீட்ல பீடி சிகரெட் வாசமே ஆகாதுன்னு சொல்ற பெரியவங்கதான் கட்டிலுக்கு அடில சுருளைப் பத்த வெச்சுட்டு ஜன்னலையும் சாத்துவாங்க. லிக்விட் மெஷினும் சில குழந்தைக்கு ஒத்துக்காது. கொசுவலை கட்டுங்க. எங்களுக்கு வலைக்குள்ள படுக்கறதே ஒரு விளையாட்டு ஆயிடுச்சு.

அடுத்தது சாம்பிராணி. தலைக்கு ஊத்தி சாம்பிராணி காட்டறது நம்ம ஊர்ல பாசத்தோட அடையாளம், அதுல கை வெச்சா சண்டை வரும். நான் சண்டை போடல. "வாசல்ல காட்டுங்க, அவன் டியூசன் போனப்புறம் காட்டுங்க"ன்னு நேரத்தை மட்டும் மாத்தினேன். கம்ப்யூட்டர் சாம்பிராணியும் புகைதான், பேர்தான் கம்ப்யூட்டர்.

சூடம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய் நெஞ்சுல தடவறது: ரெண்டு வயசுக்குள்ள வேண்டவே வேண்டாம். சூடம் வாய்க்குள்ள போனா கொஞ்சமா இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரும். பெரிய பசங்களுக்கும் மூக்கு திறந்த மாதிரி ஒரு உணர்வு வரும், நெஞ்சு திறக்காது.

அப்புறம் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, நம்ம தோல் உதிர்றதைத் தின்னுட்டு மெத்தை, தலகாணி, பொம்மைல வாழும், அலர்ஜி வர்றது அதோட எச்சத்தால. காத்துல ஈரம் அதிகமா இருக்கற ஊர்ல ஜோரா பெருகும். பெட்ஷீட், தலகாணி உறைய வாரம் ஒருதடவை 55–60 டிகிரி வெந்நீர்ல ஊற வெச்சுத் துவைக்கணும். கரடி பொம்மைய பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரு நாள் பிரீசர்ல வெச்சுட்டு அப்புறம் துவைச்சுக் காயப்போடுங்க (பிரீசரைத் திறந்து கரடியப் பாத்துட்டு அமுச்சி போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது). பழைய இலவம்பஞ்சு தலகாணி இருந்தா மாத்திடுங்க. கோரைப்பாய்ல படுத்தா இந்தத் தொல்லை பாதி இல்ல. பீரோ மேல, பேன் ரெக்கை மேல, ஏசி பில்டர்ல இருக்கறதை குழந்தை ஸ்கூல் போனப்ப ஈரத்துணில துடைங்க, விளக்குமாறு கொண்டு விளாசினா எல்லாம் காத்துக்கு வரும்.

மில்லுல இருந்து வந்தா சட்டைல, புருவத்துல எல்லாம் பஞ்சு இருக்கும். குளிச்சுட்டுத்தான் பையனைத் தூக்கறது. அதுக்கு ஆராய்ச்சி எல்லாம் கேக்காதீங்க, என் மனசு திருப்திக்கு.

ஜூலை 3

வாழைப்பழச் சண்டை ஆரம்பிச்சாச்சு. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, கொய்யா, எல்லாம் "கபம்"னு நிறுத்திட்டு, அப்புறம் குழந்தை எடையே ஏறலைன்னு டானிக் வாங்கறாங்க. ஒரு குறிப்பிட்ட சாப்பாடு சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உதடு வீங்குது, தடிப்பு வருது, வாந்தி எடுக்குது, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஆகுதுன்னா அது ஃபுட் அலர்ஜியா இருக்கலாம், டாக்டரைப் பாருங்க. மத்தபடி வாழைப்பழத்தை விடுங்க, பாவம்.

ஜூலை 4

அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு.

கைல சொட்டு வெச்சு லேசா குத்திப் பாக்கறது ஸ்கின் பிரிக் டெஸ்ட். கால் மணி நேரத்துல தடிப்பு அளந்து சொல்லிடுவாங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செட்டிரிசின் வகை அலர்ஜி மருந்தை நிறுத்தணும், இல்லைன்னா எதுவுமே தடிக்காது, காசு வேஸ்ட். ரத்தத்துல பாக்கறது ஸ்பெசிபிக் ஐஜிஈ (அலர்ஜிக்குக் காரணமான ஆன்டிபாடி). இது ரெண்டும் சரியான டெஸ்ட், ஆனா அதுல பாசிட்டிவ் வந்ததெல்லாம் குழந்தைக்குத் தொந்தரவு குடுக்குதுன்னு அர்த்தம் இல்ல, வீட்ல நடக்கறதோட பொருந்தணும்.

இன்னொண்ணு விக்கறாங்க, நூறு இருநூறு சாப்பாட்டுக்கு ஐஜிஜின்னு (அது வேற வகை ஆன்டிபாடி) பேர் போட்டு கலர் கலரா ரிப்போர்ட். அரிசில ஆரம்பிச்சு கத்திரிக்காய் வரைக்கும் சிவப்பு கலர். அந்த ஐஜிஜி நீங்க அந்தச் சாப்பாட்டை சாப்பிட்டிருக்கீங்கன்னுதான் சொல்லும், அலர்ஜின்னு சொல்லாது. ஐரோப்பிய அலர்ஜி டாக்டர்கள் சங்கம் 2008லயே சாப்பாட்டு அலர்ஜி கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம்னு எழுதியாச்சு.

ஜூலை 20

ஆடிக் காத்து ஆரம்பிச்சாச்சு. பாலக்காட்டுப் பக்கம் இருந்து அடிக்கற காத்துல எங்க ஊர்ப் பசங்க பாதி பேருக்கு மூக்கு ஒழுகும். எல்லா வீட்லயும் மான்டிலூகாஸ்ட்–லெவோசெட்டிரிசின் சேர்ந்த சிரப் பாட்டில் ஒண்ணு இருக்கும், பழைய சீட்டைக் காட்டி வாங்கிட்டே இருப்பாங்க.

இதைப் பத்தி கொஞ்சம் நிதானமா எழுதணும். மான்டிலூகாஸ்ட் கெட்ட மருந்து இல்ல, நெறைய குழந்தைக்கு உதவியிருக்கு. ஆனா 2020 மார்ச்சுல அமெரிக்க எஃப்டிஏ (அங்க மருந்துகளைக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பு) அதுக்கு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை குடுத்தது. கெட்ட கனவு, தூக்கக் கேடு, எரிச்சல், ஆவேசம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரைக்கும் அதுல இருக்கு. வெறும் மூக்கு அலர்ஜிக்குன்னா வேற மருந்து கேக்காதப்பதான் இதைக் குடுக்கணும்னும் சொன்னாங்க.

எங்க பையன் ஆறு வயசுல தூக்கத்துல எந்திரிச்சு சுவத்தைப் பாத்து அலறுவான், காலைல கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வீசிங் இல்ல, இருமல் இல்ல. வீட்ல மந்திரிச்சு கயிறு கட்டினாங்க. குழந்தை டாக்டர் அடுத்த தடவை மருந்து லிஸ்ட்டைப் பாத்துட்டு இதை நிறுத்திப் பாக்கலாம்னு சொல்லி மூக்கு ஸ்ப்ரேக்கு மாத்தினார். கொஞ்ச நாள்ல அலறல் நின்னது. மருந்துதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், அந்த வயசுல பசங்க சும்மாவே தூக்கத்துல அலறுவாங்க, தானா போயிருக்கவும் சான்ஸ் இருக்கு. கயிறுதான் காரணம்னு அமுச்சி சொல்றாங்க. ரெண்டும் ஒரே வாரத்துல நடந்ததால எங்க வீட்ல இந்த வழக்கு முடியல.

உங்க குழந்தைக்கு இந்த சிரப் ஓடிட்டு இருந்து தூக்கமோ குணமோ மாறியிருந்தா டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. ஆஸ்துமாவுக்குன்னு குடுத்திருந்தா கேக்காம நீங்களா நிறுத்த வேண்டாம்.

ஆகஸ்ட் 9

ஜூன் 28ல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். வெந்நீரும் பிரீசரும் பாத்துட்டு ஒரு அம்மா பஃபை விட்டுட்டு வீட்டைக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்களாம். அய்யோ அப்படி இல்லம்மா. பூச்சி உள்ள போகாத மெத்தை உறை மட்டும் போட்டா ஆஸ்துமா குறையுதான்னு பாத்த ஆராய்ச்சி நெறைய இருக்கு, பெருசா பலன் தெரியல. தூசிப்பூச்சி அலர்ஜி உறுதியான குழந்தைக்கு எல்லா வேலையும் சேத்து செஞ்சா ஓரளவு உதவும். புகை விசயத்துல மட்டும் நான் ஒரு எழுத்து கூட மாத்த மாட்டேன். மத்ததெல்லாம் பஃப் வெச்சப்புறம்.

ஏர் ப்யூரிபையர் வாங்கலாமான்னா, கொசுவத்தி நிறுத்தினா காசு செலவே இல்லாம ஆகறதை முதல்ல செய்ங்க.

செப்டம்பர் 14

குறட்டை. குழந்தை குறட்டை விட்டா "அசந்து தூங்கறான்"னு நாம சந்தோசப்படறோம். வாரத்துல பாதி நாளுக்கு மேல குறட்டை, வாயைத் திறந்துட்டே தூங்கறது, நடுவுல மூச்சு நின்னு டக்குனு இழுக்கறது, கழுத்தைப் பின்னாடி வளைச்சுப் படுக்கறது, தலகாணி நனையற அளவுக்கு வேர்வை, விட்டுப்போன படுக்கைல ஒண்ணுக்குப் போற பழக்கம் திரும்ப வர்றது, இதெல்லாம் இருந்தா மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு, தொண்டைல டான்சில் வீங்கி வழிய அடைக்குதான்னு பாக்கணும். பெரியவங்களுக்கு தூக்கம் கெட்டா பகல்ல சொக்கும். பசங்களுக்கு நேர் எதிர், ஒரு இடத்துல உக்கார மாட்டாங்க, கிளாஸ்ல கவனம் இல்லைன்னு டைரில எழுதி அனுப்புவாங்க.

ஆபரேசன் உடனே பண்ணணுமா? அமெரிக்கால அஞ்சுல இருந்து ஒன்பது வயசுப் பசங்களை ரெண்டா பிரிச்சு பாத்தாங்க, 2013ல வந்தது. ஆபரேசன் பண்ணினதுல 79 சதவீதம் பேருக்கு ஏழு மாசத்துல தூக்க டெஸ்ட் நார்மல். பண்ணாம கவனிச்சுட்டு மட்டும் இருந்ததுல 46 சதவீதம் பேருக்கு தானாவே நார்மல். மூச்சு ரொம்ப மோசமா நிக்கற பசங்க அதுல சேர்த்தி இல்ல. லேசா இருந்தா மூக்கு ஸ்ப்ரே போட்டு சில மாசம் பாக்கலாம்னு ஈஎன்டி சொன்னா அவர் தட்டிக் கழிக்கறார்னு நினைக்காதீங்க.

ஸ்ப்ரே அடிக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. தலைய லேசா குனிஞ்சு, வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. அப்பதான் நடுத்தண்டுல படாம வெளிப்பக்கம், காதைப் பாத்து போகும். நடுத்தண்டுல அடிச்சா ரத்தம் வரும், அப்புறம் மருந்து ஒத்துக்கலைன்னு நிறுத்திடுவோம். அடிச்சதும் சர்ருனு உறிஞ்சக் கூடாது, தொண்டைக்குப் போயிடும்.

அக்டோபர் 6

இருமல் சிரப். நியூஸ் பாத்திருப்பீங்க, மத்தியப் பிரதேசம் சிந்த்வாரால குழந்தைங்க கிட்னி செயலிழந்து செத்திருக்காங்க, சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல, டெஸ்ட்ல 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால். தமிழ்நாட்லயும் தடை பண்ணியாச்சு. நாலு நாளா மில்லு கேன்டீன்ல வேற பேச்சே இல்ல.

அந்த விசத்தை ஒரு பக்கம் வைங்க. நல்ல கம்பெனி சிரப்பே இந்தப் பசங்களுக்கு எதுக்கு? மத்திய சுகாதாரத்துறை அக்டோபர் 3 அன்னைக்கு சொல்லிடுச்சு, ரெண்டு வயசுக்குள்ள இருமல் சளி மருந்து குடுக்கவே கூடாது, அஞ்சு வயசுக்குள்ள பொதுவா வேண்டாம்னு. குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் சேர்ந்ததை நாலு வயசுக்குள்ள குடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே உத்தரவு இருக்கு. வீசிங்னால வர்ற இருமலுக்கு அது மருந்தே இல்ல, தூங்க மட்டும் வெக்கும், நாமளும் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு படுக்கும்போது ஒரு ஸ்பூன் தேன் குடுங்க, சளி இருமலுக்கு அது போதும். ஒரு வயசுக்குள்ள தேன் வேண்டாம், பாட்டுலிசம்னு ஒரு விசநோய் வரலாம்.

அக்டோபர் 21

நேத்து தீபாவளி. ஒரு வீட்ல ராத்திரி நடந்ததை எழுதியிருந்தாங்க, வீசிங் சத்தம் கேட்டுட்டே இருந்தது, அப்புறம் சத்தம் நின்னதும் சரியாயிடுச்சுன்னு படுத்துட்டாங்களாம், நல்லவேளை பாட்டி பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க.

ஒரு விசயத்தை கொட்டை எழுத்துல எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுங்க. கொய்ங்னு சத்தம் குறையறது எப்பவும் நல்லதுன்னு அர்த்தம் இல்ல, காத்து போகவே இல்லைன்னா சத்தமும் வராது. நெஞ்சுக்குழியும் விலா இடுக்கும் உள்ள இழுக்குதா, கழுத்துக்குக் கீழ குழி விழுதா, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம நிறுத்தி நிறுத்திப் பேசுதா, உதடு நீலமா இருக்கா, குழந்தை அசந்து துவண்டு போகுதா, அப்படின்னா காத்திருக்கற வேலையே இல்ல, 108 கூப்பிடுங்க, வண்டி வர்ற வரைக்கும் குழாய் விரிக்கற பஃபை ஸ்பேசர்ல வெச்சுட்டே இருங்க. பஃப் வெச்சு நல்லாகி மூணு நாலு மணி நேரத்துக்குள்ள மறுபடி வந்தாலும் ஆஸ்பத்திரிதான். எத்தனை பஃப், எத்தனை நிமிச இடைவெளிங்கறதை டாக்டர்கிட்ட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி வைங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கும் கணக்கு ஞாபகம் வராது.

நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மாஸ்க்ல குடுக்கற மெஷின்) இல்லையேன்னு கவலைப்படாதீங்க. சாதாரண வீசிங்குக்கு ஸ்பேசர்ல பஃப் வெக்கறது அதே வேலையச் செய்யும். கரண்டும் வேண்டாம்.

நவம்பர் 16

தலைப்புல தூக்கம்னு போட்டுட்டு வீசிங்கே எழுதிட்டு இருக்கேன்னு திட்டு வந்தது. நியாயம்தான்.

நெஞ்சு சரியானப்புறமும் சில பசங்க மூணு மணிக்கு டான்னு எந்திரிப்பாங்க. எங்காளும் அப்படித்தான். மாசக்கணக்கா அந்த நேரத்துக்கு எந்திரிச்சா அப்பா மடி, தோள்ல போட்டு நடை, கொஞ்சம் பால்னு கிடைச்சுதே, வீசிங் போனப்புறமும் அந்த சர்வீஸை யார் விடுவாங்க? இருமல் இருக்கான்னு கேட்டுப் பாத்து, இல்லைன்னா லைட் போடாம, தூக்காம, பக்கத்துல கை வெச்சு "படு சாமி"ன்னு மட்டும் சொல்றது. ஒரு வாரம் ஊரே கேக்கற மாதிரி கத்தினான். அப்புறம் போச்சு. கஷ்டமா இருக்கும், ஆனா நெஞ்சு கிளியரா இருக்குன்னு டாக்டர் சொன்னப்புறம்தான் இந்த வேலைல இறங்கணும், மூச்சு முட்டற குழந்தைகிட்ட கண்டிப்பு காட்டக் கூடாது.

மூணுல இருந்து அஞ்சு வயசுக்கு பகல் தூக்கம் சேத்து 10–13 மணி நேரம், ஆறுல இருந்து பன்னெண்டு வயசுக்கு 9–12 மணி நேரம் வேணும். சீரியல் முடிஞ்சு பத்தரைக்கு படுத்து ஆறு மணிக்கு வேன் புடிக்கற பசங்களுக்கு இது எங்க கிடைக்கும்?

வெளிநாட்ல இருந்து தூக்கம் வர்றதுக்குன்னு மெலடோனின் (தூக்க ஹார்மோன்) போட்ட "gummy" கொண்டு வந்து குடுக்கறாங்க, மிட்டாய் மாதிரி இருக்கும். அமெரிக்கால 25 பிராண்டை டெஸ்ட் பண்ணி 2023ல எழுதினாங்க, 22ல லேபிள்ல போட்டதுக்கும் உள்ள இருந்ததுக்கும் ஒத்துப்போகல, ஒண்ணுல மூணு மடங்குக்கு மேல இருந்தது. டாக்டர் சொல்லாம வேண்டாம். படுத்ததும் காலை உதைச்சுட்டே இருக்கு, கால்ல ஏதோ ஊருதுங்குதுன்னா இரும்புச்சத்து (ஃபெரிட்டின்) பாக்கச் சொல்லிக் கேளுங்க, அதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 13, 2026

நாளைக்கு போகி. 2018ல சென்னைல போகிப் புகைல ஏர்போர்ட்ல பிளைட்டே எறங்க முடியல, ஞாபகம் இருக்கும். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீங்கன்னு தெருவுல சொன்னா கேக்க மாட்டாங்க. ஜன்னலை விடியறதுக்கு முன்னாடியே சாத்திடுங்க, டெய்லி பஃபை லீவ் நாள்னு மறந்துடாதீங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க ஸ்பேசரை மறக்காம பைல போடுங்க, மாட்டுத் தொழுவத்துல வைக்கப்போர்ல விளையாடிட்டு ராத்திரி இழுத்தா அங்க மெடிக்கல் ஷாப் மூடியிருக்கும்.

ஜனவரி 24

"பிடி பீரியட்ல ஓட விடலாமா?"

ஓடட்டும். ஓடினா இருமுதுன்னா இன்னும் கட்டுக்குள்ள வரலைன்னு அர்த்தம், அதை டாக்டர்கிட்ட சொல்லணும், அதுக்காக உக்கார வெச்சுடாதீங்க. சில பேருக்கு விளையாடறதுக்கு பத்து பதினஞ்சு நிமிசம் முன்னாடி பஃப் எடுத்துக்கச் சொல்வாங்க. எங்க பையன் கபடி ஆடறான், வாய் பேச்சுலயும் மூச்சு விடாம ஆடறான்.

ஸ்கூல்ல இன்ஹேலரை ஆபீஸ் ரூம் பீரோல வெச்சுப் பூட்டிட்டு சாவி ஒருத்தர்கிட்ட, அவர் லீவுன்னா போச்சு. நேர்ல போய் கிளாஸ் டீச்சர்கிட்ட வெச்சு காட்டி, அவங்களையே ஒருதடவை ஸ்பேசர்ல மாட்டச் சொல்லிட்டு வாங்க. இன்ஹேலர் மேல பேர், கிளாஸ், செக்சன் மூணும் எழுதுங்க. பேர் மட்டும் எழுதினா பத்தாது, எங்க பையன் கிளாஸ்ல அவன் பேர்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அதுல ஒருத்தனுக்கும் வீசிங்.